பேய்க்கணவாயோடு பழகுதல்

அந்தமான் தீவுகளுக்கு உத்தியோக நிமித்தமாக வந்து குடியேறும் குடும்பங்களில், வந்த ஓராண்டுக்குள் ஒரு விருப்பம் தலைகாட்டுவதைப் பன்முறை கண்டிருக்கிறேன். வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல், கடலோரத்தில் பவளப்பாறை, பாறையின் இடுக்குகளிலெல்லாம் நிலத்தில் காணக் கிடைக்காத உயிர்கள். இவற்றில் ஒன்றையேனும் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் விட்டு வளர்த்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். முதலில் மறுக்கும் பெற்றோர் பின்னர் தாமே தொட்டியின் விலையை விசாரிக்கத் தொடங்குவார்கள்.

சில ஆண்டுகளாக இவ்விருப்பம் வண்ணமீன்களை விட்டு வேறொரு பிராணியின்மேல் திரும்பியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரத்தை அடுத்த கடலில் ஒரு மனிதர் நாள்தோறும் மூழ்கி, ஓர் ஆக்டோபஸோடு பழகிய வரலாற்றைக் காட்டும் திரைப்படம் ஒன்று 2020-ஆம் ஆண்டில் வெளிவந்து, மறு ஆண்டில் ஆஸ்கார் பரிசும் பெற்றது. அதைப் பார்த்தோர் இரண்டு வினாக்களை எழுப்புகின்றனர். ஆக்டோபஸை வீட்டில் வளர்க்க முடியுமா? வளர்த்தால் அது நம்மை அறிந்துகொள்ளுமா? முதல் வினாவுக்கு, முடியும், ஆனால் மிகவும் அரிது என்பது விடை. இரண்டாம் வினாவுக்கு, அறிந்துகொள்ளும் என்பதே விடை. இதில் ஒரு விந்தை உண்டு. இரண்டாவது விடை உண்மையாயிருப்பதனாலேயே முதல் விடை நம்மைச் சங்கடத்தில் ஆழ்த்துகிறது. அச்சங்கடத்தைப் பற்றியதே இன்றைய பேச்சு.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பே என் தொழிலாதலால் இதைத் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை. ஆக்டோபஸ் என்பது 'எட்டுப் பாதங்களை உடையது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அதை அடியொற்றி 'எண்காலி' என்று எழுதுவோர் உண்டு. ஆயினும் அவை வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், கால்கள் என்பதைவிடக் கைகள் என்பதே பொருந்தும். தமிழ்நாட்டுக் கடற்கரை மீனவர்கள் இவ்வாராய்ச்சியில் இறங்காமல் வேறொரு வழியில் பெயரிட்டிருக்கிறார்கள். உள்ளே ஓடு உடையது ஓட்டுக்கணவாய். ஊசிபோல் நீண்டது ஊசிக்கணவாய். பாறைப் பொந்தில் ஒடுங்கி, இருந்த இடம் தெரியாமல் நிறம் மாறி மறைவது பேய்க்கணவாய். அச்சம் தருவதனால் வந்த பெயர் என்று கொள்வதைவிட, கண்ணெதிரே இருந்து காணாமற் போவதனால் வந்த பெயர் என்று கொள்ளவே நான் விரும்புகிறேன். 'எண்காலி' என்பதைக் காட்டிலும் இதுவே உயிருள்ள சொல்.

இப்பிராணிக்கு எலும்பு இல்லை. கடினமான உறுப்பு என்று சொல்லத்தக்கது கிளியின் மூக்கைப் போன்ற அலகு ஒன்றே. இதயங்கள் மூன்று. இரண்டு, செவுள்களுக்கு இரத்தத்தைச் செலுத்துகின்றன. மூன்றாவது, உடல் முழுவதற்கும். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இதன் இரத்தத்தில் செம்பு செய்வதால் அது நீல நிறமாக இருக்கிறது. நரம்பணுக்களோ ஏறத்தாழ 50 கோடி. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கின்றன. எனவே இதன் ஒவ்வொரு கையும் ஓரளவு தானே ஆராய்ந்து தானே முடிவு செய்யும் ஆற்றல் பெற்றது. கையின் உறிஞ்சிகள் தொடுவதோடு நிற்பதில்லை, சுவையையும் அறிகின்றன. ஆக்டோபஸ் உங்கள் விரலைப் பற்றும்போது உங்களைச் சுவைத்துப் பார்க்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் கடலிலும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஹவாய் வரை உள்ள பவளப்பாறைகளில் வாழும் இனம் ஒன்று உண்டு. விஞ்ஞானிகள் அதற்கு ஆக்டோபஸ் சயானியா என்று பெயரிட்டிருக்கிறார்கள். 1849-இல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜான் எட்வர்டு கிரே இதை விவரித்தார். மற்ற இனங்களுட் பல இரவில் உலவ, இது பகலில் வெளிவந்து இரை தேடுவதால் பகல் ஆக்டோபஸ் என்றும் அழைக்கப்படுகிறது. கைகளை விரித்தால் ஏறக்குறைய ஒரு கஜம் இருக்கும். இரை தேடிச் செல்லும்போது நிமிஷத்துக்கு இரண்டு மூன்று தடவை தன் நிறத்தையும் தோலின் அமைப்பையும் மாற்றிக்கொள்ளும். மணல்மேல் மணலாகும், பாசிமேல் பாசியாகும். இத்தனைக்கும் அதன் கண்ணுக்கு நிறபேதம் தெரியாது என்பதே பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் கொள்கை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பாறைக் குழிகளில் தேங்கும் நீரில் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு ஆக்டோபஸைக் கண்டால், அழகாயிருக்கிறதே என்று குழந்தைகளைக் கையிலெடுக்க விடக் கூடாது. நீல வளையங்கள் உடைய ஆக்டோபஸ் இனம் ஒன்று வங்கக் கடலிலும் உண்டு. 1938-இல் கிடைத்த ஒரே மாதிரியைக் கொண்டு அது விவரிக்கப்பட்டது. இரண்டாவது மாதிரி 2013-இல்தான் விவரிக்கப்பட்டது. அவ்வளவு அரிது. ஆயினும் அதன் உறவினங்களின் கடியில் உள்ள நஞ்சு, சில மீன்களில் உள்ள டெட்ரோடோடாக்சின் என்னும் கொடிய நஞ்சே. கடித்த இடத்தில் வலி அதிகம் தெரியாது. சிறிது நேரத்தில் மூச்சு நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசத்தை இடைவிடாது அளித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பது ஒன்றே வழி. சாதாரணமாக இந்நீல வளையங்கள் மங்கியிருந்து, பிராணி சினந்த பிறகே ஒளிவிடும். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று எண்ணுவதும் தவறு.

கண்ணாடித் தொட்டிக்கும் ஆக்டோபஸுக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடப் பழமையானது. பாரிஸ் நகரில் தையல் வேலை செய்து, பின்னர் மணமாகிச் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்தில் குடியேறிய ழான் வில்ப்ரு-பவர் என்ற மாது, 1832-இல் கடல் உயிர்களை ஆராய்வதற்கென்றே கண்ணாடித் தொட்டியை அமைத்தார். அவர் ஆராய முயன்றது ஆர்கோனாட் என்னும் ஒருவகை ஆக்டோபஸை. காகிதம்போல் மெல்லிய, வெள்ளை வெளேரென்ற ஓட்டுக்குள் வாழும் பிராணி அது. அந்த ஓடு அதனுடையதா, அல்லது சங்குநண்டைப்போல் வேறொன்றின் ஓட்டில் குடிபுகுந்ததா என்று அறிஞர்கள் வழக்காடிக்கொண்டிருந்தனர். அம்மையார் தொட்டியில் வைத்துக் கவனித்தார். ஓட்டைச் சிறிது உடைத்துப் பார்த்தார். பிராணி தானே அதைச் சீர்படுத்திக்கொண்டது! ஓடு அதன் சொந்தப் படைப்பே என்று வழக்குத் தீர்ந்தது. இன்று கூடங்களில் தங்கமீன் நீந்தும் தொட்டிக்கு மூதாதை என்று எண்ணத்தக்கது, ஆக்டோபஸ் குலத்தைச் சேர்ந்த ஒன்றைப் புரிந்துகொள்ளச் செய்த அத்தொட்டி என்பதை இத்தீவுவாசிகளேனும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இனி, அது நம்மை அறியுமா என்ற வினாவுக்கு வருவோம். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதை அறிவற்ற பிராணி என்று எழுதினார். அவர் காட்டிய காரணம், தண்ணீருக்குள் கையை விட்டால் அது தானே அருகில் வந்துவிடுகிறது என்பதாகும். அதே செயலை இன்றைய ஆராய்ச்சியாளர் அறிவின் அடையாளமாகக் கொள்கின்றனர். புதியது எதுவாயினும் அருகில் சென்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஆவல் அது. ஒரே செயலை இருவர் இருவிதமாக மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரக் கடலாராய்ச்சி நிலையத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜே. இசட். யங் என்ற ஆங்கில அறிஞரும் அவரைச் சேர்ந்தோரும் ஆக்டோபஸின் நினைவாற்றலைப் பல ஆண்டுகள் சோதித்தனர். வடிவங்களை வேறுபடுத்தவும், எதைத் தாக்கினால் இரை கிடைக்கும், எதைத் தாக்கினால் அதிர்ச்சி கிடைக்கும் என்று கற்று நினைவில் வைக்கவும் அது வல்லது என நிறுவினர். அதே இடத்தில் பீட்டர் டியூஸ் என்பவர் மூன்று ஆக்டோபஸ்களுக்கு, நெம்புகோலை இழுத்தால் மீன் கிடைக்கும் என்று கற்பிக்க முற்பட்டார். 1959-இல் அவர் வெளியிட்ட கட்டுரை படிப்பதற்குச் சுவையானது. ஆல்பர்ட்டும் பெர்ட்ராமும் நல்ல மாணாக்கர்களாக நடந்துகொண்டன. சார்ல்ஸ் என்ற மூன்றாவதோ நெம்புகோலை ஒடித்தது. தொட்டியின்மேல் தொங்கிய விளக்கைத் தண்ணீருக்குள் இழுத்தது. ஆராய்ச்சியாளர்மேல் தண்ணீரைப் பீச்சி அடித்தது. மூன்றும் ஒரே இனம், ஒரே தொட்டி வசதி, ஒரே ஆசிரியர். ஆனாலும் மூன்றும் ஒன்றல்ல. வீட்டில் மூன்று பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முடிவான சோதனை 2010-இல் வெளியானது. அமெரிக்காவில் சியாட்டில் நகரக் கடலுயிர்க் காட்சிச்சாலையில் ரோலண்டு ஆண்டர்சனும் ஜெனிபர் மேத்தரும் வேறு இருவரும் எட்டு ஆக்டோபஸ்களைக் கொண்டு இதை நடத்தினர். ஒரேவிதமான உடை அணிந்த இருவரில் ஒருவர் நாள்தோறும் உணவு கொடுப்பார். மற்றவர் முள் போன்ற மயிருடைய குச்சியால் தொட்டுத் தொந்தரவு செய்வார். இரண்டு வாரங்களுக்குப் பின், அவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் வெறுமனே வந்து நின்றபோதே வேறுபாடு தெரிந்தது. உணவிட்டவரைக் கண்டால் ஆக்டோபஸ் அவர் பக்கம் நகர்ந்து வந்தது. துன்புறுத்தியவரைக் கண்டால் விலகிச் சென்றது. உடை ஒன்றாயிருந்தும் ஆளை வேறுபிரித்து அறிந்தது.

இதை அன்பு என்று சொல்லலாமா? தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 'பழக்கம்' என்ற ஒரே சொல், தினமும் செய்து கைவரும் செயலையும் குறிக்கும்; ஒருவரோடு ஒருவருக்கு உள்ள நட்பையும் குறிக்கும். நாய் நம்மிடம் காட்டுவது பாசம். நாய்க்குக் குடும்பம் என்று ஒன்று உண்டு, நம்மை அது அக்குடும்பத்தில் சேர்த்துக்கொள்கிறது. ஆக்டோபஸோ தாயைக் கண்டதில்லை, உடன்பிறந்தாரை அறியாது, தன் இனத்தில் மற்றொன்றைக் கண்டால் சில வேளைகளில் உண்டுவிடும். உறவு என்பதற்கே இடமில்லாத வாழ்வு அது. அத்தகைய பிராணி ஒரு மனிதக் கையைத் தேடிவந்து பற்றுமாயின், அதற்குப் பழக்கம் என்பதே சரியான பெயர். சொல் எளிதாயிருப்பதால் பொருள் சிறிதென்று நினைக்க வேண்டாம்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் வளர்க்கத்தான் வேண்டும் என்போர் முதலில் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். மீனை மன்னிக்கும் தண்ணீர் ஆக்டோபஸை மன்னிக்காது. சிறு இனங்களுக்கே 200 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். பகல் ஆக்டோபஸுக்கு அதைப்போல் பல மடங்கு. இது நிறைய உண்ணும், நிறையக் கழிக்கும். கழிவிலுள்ள அம்மோனியா ஒரு துளி தங்கினாலும் நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறுவதற்கு வாரக்கணக்கில் பிடிக்கும். அனுபவமுள்ளவர்கள் மூன்று மாதம் தொட்டியை நடத்திப் பார்த்த பிறகே ஆக்டோபஸை விடுவார்கள். வாளியில் பிராணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதன் பிறகு தொட்டி வாங்க ஓடுவதால் ஒரு பயனும் இல்லை. வாளித் தண்ணீரில் பிராணவாயு விரைவில் தீர்ந்துவிடும். பயந்த பிராணி அந்த அடைபட்ட நீரில் மையைக் கக்கினால் அதுவே அதற்குக் கேடாய் முடியும்.

கடல் அருகிலிருப்பதால் தண்ணீர் இலவசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதத்தில் தொடங்கினால் இரண்டு பருவக் காற்றுகளுமாகச் சேர்ந்து டிசம்பர்வரை நனைக்கின்றன. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். பெருமழைக்குப் பின் ஓடைகள் கலக்கும் கரையோரத்தில் இந்த அளவு குறைந்துவிடும். மீன்களிற் பல இதைத் தாங்கும், ஆக்டோபஸ் தாங்காது. படகுத் துறையருகே மொண்ட நீரில் எண்ணெய்ப் படலமும் சேரும். எனவே உப்புமானி ஒன்று வீட்டில் இருந்தே தீர வேண்டும்.

செம்பின் விஷயம் இன்னும் விசித்திரமானது. தன் இரத்தத்திலேயே செம்பைச் சுமந்து திரியும் இப்பிராணி, தண்ணீரில் கரைந்த சிறிதளவு செம்பினால் மாண்டுபோகும். செம்புக் குழாய், பித்தளை இணைப்பு, மீன்களின் நோய்க்கு முன்னர் ஊற்றிய செம்பு மருந்து ஆகிய எதன் எச்சமும் தொட்டியில் இருக்கலாகாது. பழைய மீன் தொட்டியை மலிவாக வாங்குவோர் இதை முதலில் கேட்டறிய வேண்டும்.

மின்சாரமும் ஒரு கேள்வி. இத்தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பங்கு டீசல் எந்திரங்களிலிருந்து வருகிறது. மின்சாரம் நின்றால் காற்றடிக்கும் பம்பும் நிற்கும். இரவில், எல்லோரும் உறங்கும்போது நின்றால் விடிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மின்கலத்தில் ஓடும் பம்பு ஒன்று தயாராக இல்லாத வீட்டில் ஆக்டோபஸை வைப்பது முறையன்று.

மூடியைப் பற்றிச் சொல்லாமல் எவரும் இதைப் பற்றிப் பேசி முடிப்பதில்லை. அலகு நுழையும் துளை இருந்தால் ஆக்டோபஸின் உடல் முழுதும் அவ்வழியே நுழைந்துவிடும். நியூசிலாந்தின் நேப்பியர் நகரில் தேசியக் கடலுயிர்க் காட்சிச்சாலையில் இருந்த இன்கி என்ற ஆக்டோபஸ், தொட்டியின் மேற்புறம் சரியாக மூடப்படாத ஓர் இரவில் வெளியேறித் தரையைக் கடந்து, 50 மீட்டர் நீளமுள்ள வடிகுழாய் வழியாகக் கடலுக்கே திரும்பிவிட்டது. 2016-இல் இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. நம் வீட்டுக் கூடங்களில் அத்தகைய குழாய் இராது. சோபாவின் அடியில் உலர்ந்து கிடப்பதைக் காலையில் காண்பதே நமக்கு வாய்க்கும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. தொட்டியை அழகுபடுத்தக் கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டை எடுத்துவருவதும் குற்றமே. வண்டூர் பக்கத்தில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவிலும், 1996-இல் அமைந்த ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்காவிலும் எந்த உயிரையும் எடுக்க அனுமதி இல்லை. மற்ற இடங்களிலும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே கையை நீட்ட வேண்டும். பிராணி ஒளிந்துகொள்வதற்கு மண்சட்டியின் வாய் போதும். மெருகு பூசாத சட்டியாயிருந்தால் அதைத் தன் வீடாக ஏற்றுக்கொள்ளும்.

இவையெல்லாம் அமைந்தன என்றே வைத்துக்கொள்வோம். முதல் வாரம் அது சட்டிக்குள்ளிருந்து வெளிவராது. கண்கள் மட்டும் தெரியும். அப்போது தொட்டியைத் தட்டாமல், விளக்கைச் சட்டென்று போடாமல், தினமும் ஒரே நேரத்தில் ஒருவரே சென்று உயிருள்ள சிறு நண்டு ஒன்றை விட்டுவர வேண்டும். சில நாட்களில் அந்த நேரம் வந்ததும் அது வாசலில் காத்திருக்கும். பின்னர் நண்டை நீண்ட இடுக்கியால் பிடித்துக் கொடுக்கலாம். அதன் பிறகு வெறுங்கையைத் தண்ணீரில் வைத்து அசையாமலிருந்தால், ஒரு கையின் நுனி வந்து தொடும், உறிஞ்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும், சுவைத்துப் பார்க்கும். சோப்பு, எண்ணெய், பவுடர் ஆகியவை கையில் இருந்தால் அது அறிந்துவிடும்; அதற்குக் கெடுதலுமாகும். பற்றிய கையைப் பிடுங்கினால் பழக்கம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெல்ல மெல்ல விடுவிக்க வேண்டும். சற்றே சலிப்படைந்த ஆக்டோபஸுக்கு மூடியிட்ட கண்ணாடிச் சீசாவுக்குள் நண்டை வைத்துக் கொடுத்தால் திறக்கக் கற்றுக்கொள்ளும். வேலையின்றி வைத்தால் தன் கையையே கடித்துக்கொள்வதும் உண்டு.

நேயர்களே, இவ்விடத்தில்தான் முன்னே சொன்ன சங்கடம் எழுகிறது. பகல் ஆக்டோபஸின் ஆயுள் சுமார் ஓராண்டு, சற்றுக் கூடலாம். முட்டையிலிருந்து வெளிவரும்போது அரிசியளவு இருக்கும் குஞ்சு, அந்த ஓராண்டுக்குள் கிலோகிராம் கணக்கில் வளர்ந்துவிடுகிறது. நீங்கள் கொண்டுவந்தது எத்தனை மாதத்தது என்பதை எவராலும் பார்த்த மாத்திரத்தில் சொல்ல இயலாது. பாதி வாழ்க்கை கழிந்ததாயிருக்கும். உங்களை நன்கு அறிந்து, மூடியைத் திறக்கக் கற்று, குழந்தைகள் அதற்கொரு பெயரும் சூட்டிய சமயத்தில் அதன் கடைசிப் பருவம் தொடங்கிவிடும்.

பெண்ணாயிருந்தால், ஆண் துணை இல்லாவிடினும் முட்டையிடக் கூடும். இட்ட முட்டைகளைச் சட்டியின் உட்புறத்தில் சரஞ்சரமாகத் தொங்கவிட்டு, அவற்றின்மேல் தண்ணீரைப் பீச்சித் தூசி படியாமல் காத்துக்கொண்டு, இரவும் பகலும் அங்கேயே இருக்கும். உணவை மறுத்துவிடும். நேற்றுவரை உங்கள் கையைத் தேடி வந்த அதே பிராணி, இன்று நீங்கள் நீட்டும் நண்டைத் தள்ளிவிடும். கருத்தரிக்காத முட்டையாயினும் அது காவலை விடாது. நாளடைவில் நிறம் வெளுத்து, உடல் மெலிந்து இறந்துபோகும். ஆணும் இனப்பெருக்கம் முடிந்த பின் அதிக நாள் இருப்பதில்லை. உணவை வெறுத்து, போக்கிடம் தெரியாததுபோல் உலவி மடியும்.

இது நோயன்று, பராமரிப்பின் குறையுமன்று. ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் 1977-இல் இதன் காரணத்தைக் காட்டினார். கண்களுக்குப் பின்னால் உள்ள இரண்டு சிறு சுரப்பிகளை அகற்றிவிட்டால், அடைகாக்கும் தாய் முட்டைகளை விட்டுவிட்டு மறுபடி உண்ணத் தொடங்குகிறது, உடல் தேறுகிறது, மேலும் சில மாதங்கள் வாழ்கிறது. அதாவது அந்தச் சாவு உடலுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்ட கட்டளை. தாய் இறந்த பின் வரும் குஞ்சுகள் கடலாயிருந்தால் நீரோட்டத்தில் மிதந்து சென்று சில வாரங்கள் கழித்துப் பாறையில் இறங்கும். வீட்டுத் தொட்டியில் அவற்றை வளர்த்தெடுப்பது நடவாத காரியம்.

ஐரோப்பிய நாடுகளில், ஆராய்ச்சிச் சாலையில் துன்புறுத்தலாகாத பிராணிகளின் வரிசையில் 2010-ஆம் ஆண்டு ஆணையால் ஆக்டோபஸ் இனத்தையும் சேர்த்தார்கள். பிரிட்டனில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இதை உணர்வுள்ள உயிர் என்றே ஏற்றுக்கொண்டது. முதுகெலும்பில்லாத ஒன்றுக்கு இத்தகைய இடம் கிடைத்தது சாதாரணமன்று. அது நம்மை அறிகிறது என்று ஒப்புக்கொண்டால், அடைபட்டிருப்பதையும் அறியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. சென்னையிலோ டெல்லியிலோ இருப்பவருக்குத் தொட்டியைத் தவிர வேறு வழியில்லை என்று வாதிக்கலாம். 2024-ஆம் ஆண்டுவரை போர்ட் பிளேர் என்று வழங்கிய இந்த ஸ்ரீ விஜயபுரத்தில் இருப்பவருக்கு அந்த வாதம் பொருந்துமா என்பது எனக்கு ஐயமே. கேப்டவுன் மனிதரும் தம் ஆக்டோபஸை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தாம்தான் அதன் வீட்டுக்குப் போனார்.

அவரைப்போல் மூழ்கத் தெரிய வேண்டியதில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் வெகுதூரம் வற்றும். பகலில் வற்றும் நேரத்தைத் துறைமுகத்து ஏற்றவற்றப் பட்டியலில் பார்த்துக்கொண்டு, அனுமதியுள்ள கரையில், கெட்டியான செருப்பணிந்து, பவளத்தை மிதிக்காமல் மணலிலும் வெற்றுப் பாறையிலும் நடந்து செல்லலாம். 2004-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் தாழ்ந்தும் வடக்கு அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்தும் போயின. ஆதலால் பழைய மனிதர்கள் சொல்லும் பாறைகள் சில இப்போது ஆழத்தில் இருக்கும். வேறு சில நிரந்தரமாக வெளியே வந்து செத்துக் கிடக்கும். இதையும் உள்ளூராரிடம் கேட்டுக்கொள்வது நன்று.

ஆக்டோபஸைத் தேடினால் கிடைக்காது. அதன் குப்பையைத் தேட வேண்டும். நண்டோடுகளும் சிப்பிகளும் ஒரு பொந்தின் வாயிலில் குவிந்து கிடந்தால் அதுவே அதன் வீடு. நாலடி தள்ளி, உங்கள் நிழல் பொந்தின்மேல் விழாதபடி உட்காருங்கள். கால்மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு பாறையின் ஒரு பகுதி மூச்சு விடுவதைக் காண்பீர்கள். அதிர்ஷ்டமிருந்து நீர் ஏறத் தொடங்கும்வரை காத்திருந்தால், அது வேட்டைக்குப் புறப்படுவதையும், அதைப் பின்தொடர்ந்து சில மீன்கள் போவதையும் பார்க்கலாம். ஆக்டோபஸ் கையை விட்டு இடுக்குகளிலிருந்து கலைக்கும் இரைக்காக மீன்கள் உடன் செல்லுகின்றன. தொந்தரவு செய்யும் மீனை அது கையால் ஓங்கிக் குத்துவதைச் செங்கடலில் படம்பிடித்த ஆராய்ச்சியாளர் 2020-இல் எழுதியிருக்கிறார்கள்.

மறுநாளும் அதே நேரத்துக்குச் சற்றுப் பின்னர், வற்றம் நாள்தோறும் தள்ளிப்போவதைக் கணக்கிட்டு, அதே இடத்தில் அதே ஆள் சென்று உட்கார வேண்டும். எதையும் கொடுக்க வேண்டாம். கையை நீட்டவும் வேண்டாம். பகல் ஆக்டோபஸ் ஒரு பொந்தில் சில நாட்கள் முதல் சில வாரங்கள்வரை தங்கும். போனதும் முதலில் குவியலைப் பாருங்கள். புதிய நண்டோடு சேர்ந்திருந்தால் அது உள்ளே இருக்கிறது. ஓடுகளின்மேல் பாசி படரத் தொடங்கியிருந்தால் வீடு மாறிவிட்டது. இருபது முப்பது அடிச் சுற்றில் வேறொரு குவியல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீர் ஏறுவதற்குள் கரைக்குத் திரும்பிவிடுங்கள்.